மொட்டைமாடி ஒழுகிய வருடம்

1

கல்லூரிப் பணியாளர் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல் நான்கே வரி. வரும் கல்வியாண்டோடு எனக்கு அறுபது வயது நிறைகிறது, ஒப்பந்தம் மேற்கொண்டு நீட்டிக்கப்படாது, குடியிருப்பைக் காலி செய்யும் விதிகள் இணைப்பில் உள்ளன, இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. ‘டாக்டர் பொன்னுசாமி’ என்று விளித்திருந்தார்கள். பொன்னுசாமி என் அப்பா. ஆவடித் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். டாக்டர் பட்டம் வாங்கியது நான், கதிர்வேல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால், பத்தொன்பது வருடமாக ஓமனில் அப்பா பெயரில்தான் கணிதம் நடத்துகிறேன்.

வளைகுடாவில் ஓய்வு பெறுவது ஊரில் ஓய்வு பெறுவது போலல்ல. வேலை முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் செல்லாது. ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை மட்டும் உண்டு. எத்தனை வருடம் இருந்தாலும் இங்கே நாம் வந்தவர்கள்தான், ஒருநாள் போக வேண்டியவர்கள்தான். இது தெரிந்தே வந்ததால் எனக்கு அதில் வருத்தமில்லை. அதோடு நான் தயாராகவும் இருந்தேன். ஐந்து வருடமாக ஒரு எக்செல் கோப்பு வைத்திருந்தேன். வைப்புநிதி, விலைவாசி ஏற்றம், எண்பத்தைந்து வயது வரைக்குமான மாதச் செலவு எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் அறையில் மலையாளி நண்பர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். ‘சுகந்தி’ என்ற பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில் வரும்: ‘வீட்டுச் செலவு (சுகந்தி)’.

சுகந்தி என் மனைவி. ஐம்பத்தாறு வயது. கோவில்பதாகையில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, ஆறு குடித்தனக் கட்டிடத்தில் மேல்மாடி. வருடத்தில் இரண்டு மாதம் அவள் முன்னதாகவே போய் வீட்டைத் திறந்து துடைத்து, சொத்து வரி கட்டி, தண்ணீர்த் தொட்டி கழுவி வைப்பாள். நான் கடைசியில் மூன்று வாரம் போய் இருந்துவிட்டு இருவருமாகத் திரும்புவோம். இப்படியே எங்கள் வருடங்கள் போயின.

2

இந்த விடுமுறைக்குப் போனபோது என் பட்டியலில் இரண்டு வேலைகள். ஒன்று வங்கி, மற்றது மருத்துவக் காப்பீடு.

ஆவடியில் ஆட்டோவில் போகும்போது, வங்கியைத் தாண்டிவிடுவானோ என்ற அவசரத்தில், “கலாஸ், கலாஸ்!” என்று கத்திவிட்டேன். அரபியில் ‘போதும்’ என்று பொருள். தினம் பத்துமுறை சொல்லிப் பழகிய சொல். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், கலாசு கிலாசுன்னுகினு? துபாயா?”

“ஓமன்.”

“எல்லாம் ஒண்ணுதான். இப்ப இங்க நிறுத்தவா, சிக்னலாண்ட நிறுத்தவா?”

வங்கியில் இளம் அதிகாரி ஒருத்தி என் காகிதங்களை அடுக்கி வைத்துப் பார்த்தாள். வெளிநாடு வாழ்வோர் கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கத்தான் போனேன்.

“சார், பாஸ்போர்ட்ல கதிர்வேல் பொன்னுசாமி. பான் கார்டுல பி. கதிர்வேல். ரெண்டும் ஒரே ஆள்னு முத்திரைத்தாள்ல எழுதிக் குடுக்கணும்.”

“அந்த ஒரே ஆள்தான்மா எதிர்ல உக்காந்திருக்கேன்.”

“எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியாதே” என்றாள். உண்மையான அனுதாபத்துடன்தான் சொன்னாள்.

நோட்டரியிடம் போய், நானும் நானும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வரிசையில் நின்ற ஒரு பெரியவர், ‘எனக்கு மூணு பேர் சார், மூணும் நான்தான்’ என்றார். பொழுது அப்படிப் போனது. வெளிநாட்டில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயர் விஷயத்தைக் கடைசி வருடத்துக்கு வைத்திருக்காதீர்கள்.

3

காப்பீட்டுக்குச் சரவணன் வீட்டுக்கே வந்தான். ஓமனுக்குப் போகும் முன் ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் படித்தவன். பத்து வருடம் அம்பத்தூரில் ஒரு தொழிற்கூடத்தில் இருந்துவிட்டு, இப்போது காப்பீட்டு முகவர். என்னைப் பார்த்ததும் இன்னமும் உட்காரத் தயங்குகிறான்.

சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தான். என் பகுதி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சர்க்கரை இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். அடுத்து சுகந்தியின் பகுதி. அவள் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். பதில்களை நானே சொன்னேன்.

“மேடம் எடை சார்?”

“ஐம்பத்தெட்டு.”

“அறுபத்தாறு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“ரத்த வகை?”

நான் யோசித்தேன். “பி பாசிட்டிவ்” என்றது உள்ளே இருந்த குரல். எனக்கு அது தெரியாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம்.

சரவணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளை வேகமாகப் படித்தான். “ரத்தக் கொதிப்பு... இல்ல. ஆஸ்துமா... இல்ல. கடந்த அஞ்சு வருஷத்துல ஆஸ்பத்திரில தங்கி ஏதாச்சும் சிகிச்சை... இல்லதானே சார்?”

“இல்லப்பா” என்றேன்.

சுகந்தி காபித் தட்டோடு வந்து நின்றாள். மூன்று டம்ளர்களையும் மேசையில் வைத்தாள். பிறகு, “இருக்கு, தம்பி. எழுதிக்கோ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. தேதி சொல்றேன், ஃபைல் எடுத்துட்டு வரேன்” என்றாள்.

அவள் ஃபைல் எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள். சரவணன் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

4

நடந்தது இதுதான். சரவணனை அனுப்பிவிட்டு, அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து அவள் சொன்னாள். அவசரப்படாமல், ஏதோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தனியாக வந்திருந்த மாதம். காலையில் மாடிப்படி ஏறும்போது இடது தோளிலிருந்து தாடை வரை இழுத்துப் பிடித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டில் இருப்பவள் ரஹ்மத். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். பார்த்ததும் தையலைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அம்பத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். இதயக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. மறுநாளே ஸ்டென்ட்.

“அன்னிக்கு சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணேனே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல வந்தது. மொட்டைமாடி ஒழுகுகிறது, தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டுமாம், நம் பங்கு ஒன்றே முக்கால் லட்சம் வருமாம் என்று அவள் சொன்ன அழைப்பு அது. நான் கத்தினேன். “கொள்ளையா இருக்கே! மேஸ்திரிகிட்ட பேரம் பேசு. கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காதே.” அரை மணி நேரம் கழித்து அவளே திரும்ப அழைத்து, “பேசிட்டேங்க. கொஞ்சம் குறைச்சாங்க” என்றாள். அவள் அப்போது படுத்திருந்தது மருத்துவமனைக் கட்டிலில். கையில் ஊசி குத்தியிருந்தது.

பணம் அனுப்பினேன். எக்செல்லில் ‘மொட்டைமாடி’ என்று பதிவும் செய்தேன். அடுத்த மாதம் விடுமுறைக்கு வந்தபோது மாடிக்கு ஏறி வேலையைச் சுற்றிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. “பரவால்ல, பழைய ஓடு மாதிரியே கலர் பார்த்துப் போட்டிருக்காங்க” என்று அவளிடம் சொன்னேன். “ஆமா” என்றாள்.

இரண்டு வருடமாகத் தினம் காலையில் என் எதிரே உட்கார்ந்து அவள் விழுங்கிய மாத்திரைகளைக் கால்சியம் என்று நம்பினேன். அட்டையைத் திருப்பிப் படித்ததில்லை.

“ஏன் சொல்லல?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கத் தெரிந்தது.

“அந்த வருஷம் உங்க காலேஜ்ல வரிசையா ஆளை அனுப்பிக்கிட்டிருந்தாங்க. நீங்க சாப்பாட்டையே ஒழுங்கா சாப்பிடல. பரீட்சை நேரம் வேற. லீவ் போட்டு வந்தா ஒப்பந்தம் போயிடும்னு பயந்தேன். யாழினிக்கு அப்பதான் வேலை கிடைச்சிருந்தது. அதுவுமில்லாம, நீங்க வந்து என்ன பண்ணுவீங்க? ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு நெட்ல படிச்சிட்டு, எனக்கு இன்னும் எத்தன வருஷம்னு கணக்குப் போட்டுச் சொல்லுவீங்க.”

அப்படித்தான் செய்திருப்பேன்.

மாலையில் கீழே போய் ரஹ்மத் வீட்டு வாசலில் நின்றேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“தெரிஞ்சிடுச்சா அண்ணே? நான் எத்தினி தபா சொன்னேன், அண்ணனுக்குச் சொல்லிடுக்கான்னு. சொன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லி, சத்தியம் வாங்கிக்கினாங்க. நான் இன்னா பண்றது?”

“ஆஸ்பத்திரில நீதான் கையெழுத்துப் போட்டியாம்மா?”

“ஆமா. உறவு இன்னான்னு கேட்டாங்கோ. தங்கச்சின்னு போட்டேன். அவுங்க என் பேரையும் அக்கா பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்கோ. அப்புறம் ஒண்ணும் கேக்கல.”

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. ஓமனில் தினம் ஐம்பது முறை சொல்கிறேன். அவளிடம் அது போதாது. கும்பிட்டேன். “அய்ய, இன்னாண்ணே இது!” என்று அவள் உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டாள்.

5

மறுநாள் சரவணன் மறுபடி வந்தான். தனியாக என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அத எழுதினா மேடத்துக்குப் பாலிசி கிடைக்கறது கஷ்டம். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. கையில காசு கட்டிப் பண்ணது, எந்தக் கம்பெனிலயும் பதிவு இருக்காது. இல்லன்னு போட்டுடுவோம்.”

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்பு. நான் சம்மதித்துவிட்டேன். முப்பது வருடம் மாணவர்களின் விடைத்தாளில் காப்பியடித்ததைக் கண்டுபிடித்துப் பூஜ்யம் போட்டவன், ‘சரிப்பா, அப்படியே போடு’ என்றேன். அறுபது வயதுக்கு மேல், இதய நோயாளியோடு, காப்பீடு இல்லாமல் இருப்பது என்னவென்று எனக்குக் கணக்குத் தெரியும்.

சுகந்தி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கிறது. வந்து வாசற்படியில் நின்றாள்.

“வேணாம் தம்பி. இவர்கிட்ட மறைச்சே ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு போதும். தும்மினாக்கூட பயம். இன்னொரு இடத்துல மறைச்சு, அதையும் சுமந்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. இருக்கறத எழுது.”

எழுதினோம். ஃபைலின் நகல்களையும் வைத்தோம். முதல் நிறுவனம் மூன்றே நாளில் ஒரு வரியில் மறுத்தது. இரண்டாவது நிறுவனம் அம்பத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, ரத்தம் எடுத்து, நடை இயந்திரத்தில் நடக்கவிட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டது. கூடுதல் பிரீமியம். இதயம் சம்பந்தமாக எதற்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

“மூணு வருஷம் இன்னிலேருந்து எண்ணுது சார்” என்றான் சரவணன். “நீங்க அங்க வேலைல இருக்கும்போதே ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு. ரிடயர் ஆகி வந்து ஆரம்பிச்சிருந்தா அன்னிலேருந்துதான் எண்ணும்.” என் எக்செல்லில் காப்பீட்டுக்கான பிரீமியம் ‘ஓய்வுக்குப் பின்’ என்ற பகுதியில் இருந்தது. ஒரு வருடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து அங்கே வைத்திருந்தேன்.

அந்த மூன்று வருடத்துக்கு ஒரு தொகையைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. வேப்பம்பட்டில் யாழினிக்காக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தேன். அதை விற்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஒரே மகள் அவள், நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவளை அழைத்து இரண்டு செய்தியையும் சொன்னோம். முதல் செய்திக்கு ஆங்கிலத்தில் எங்கள் இருவரையும் திட்டினாள். ஓமனில் வளர்ந்த பெண், கோபம் அவளுக்குத் தமிழில் வராது. அழுது முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

“அம்மா, இப்போ உன் நெஞ்சு எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்டி” என்றாள் சுகந்தி. வீட்டில் அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது.

மனையைப் பற்றிச் சொன்னபோது யாழினியின் பதில் இது: “வித்துடுங்கப்பா. அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது.” பன்னிரண்டு வருடம் வேலி போட்டு, கல் நட்டு, வில்லங்கச் சான்று வாங்கி வைத்திருந்த மனை. எனக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் அவளை ஒருமுறைகூட அங்கே கூட்டிப்போனதில்லை.

6

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தபோது, எக்செல்லைத் திறந்து அவள் பக்கம் மடிக்கணினியைத் திருப்பி வைத்தேன். “நீ சொல்லு, நான் சேர்க்கிறேன். ரிடயர் ஆனதுக்கப்புறம் உனக்கு என்ன பண்ணணும்?”

“இப்பதான் கேக்கத் தோணுச்சா?” என்றாள். பிறகு உண்மையாகவே யோசித்தாள். “முதல்ல, நான் திரும்பி வரல. இந்த ஒரு வருஷமும் இங்கயே இருக்கேன். அங்க நீங்க காலேஜ் போயிட்டா நாலு சுவரு, ஒரு ஏசி. இங்க ஆஸ்பத்திரி இருபத்தஞ்சு நிமிஷம். ரஹ்மத் இருக்கா.”

“சரி. அப்புறம்?”

“ஸ்கூட்டர் கத்துக்கணும்.”

“இந்த வயசுலயா?”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அவரே ஓட்டச் சொல்றாரு. உங்க அனுமதி மட்டும்தான் பாக்கி.”

‘ஸ்கூட்டர்’ என்று ஒரு வரி சேர்த்தேன். ஐந்து வருடமாக நான் அதில் எழுதியிருந்ததெல்லாம் நான் எப்படி வாழ்வேன் என்பதுதான். வருடம் ஒரு கோயில் பயணம், ஓய்வு நேரத்தில் பகுதிநேர வகுப்பு, நூலக உறுப்பினர் சந்தா. மூன்றும் என் ஆசைகள். அவள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “கோயில் இருக்கட்டும். ஆனா படி ஏறாத கோயிலா பாருங்க” என்றாள்.

தனியாகத் திரும்பினேன். சாம்பார் வைக்கத் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் ‘மேடம் எங்கே?’ என்று கேட்டவர்களுக்கு, ‘ஸ்கூட்டர் கத்துக்கிறாள்’ என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவள் அனுப்பிய படத்தில் ரஹ்மத் பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

7

போன வாரம் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். கல்வியாண்டு முடியும் வரை இருக்கப்போவதில்லை, இந்தப் பருவத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று. நாலு மாதச் சம்பளம் குறையும், பணிக்கொடையும் சிறிது குறையும். மனை விற்ற பணம் அதைத் தாங்கும். துறைத் தலைவர் நல்ல மனிதர். ‘உடம்பு சரியில்லையா, டாக்டர் பொன்னுசாமி?’ என்று கேட்டார். இல்லை, வீட்டில் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

கடிதம் கொடுத்ததற்கு மூன்று நாள் முன்பு நடந்தது இது. காலை பத்து மணி வகுப்பு. தொகையீடு நடத்திக்கொண்டிருந்தேன். இந்த வருடம் மட்டும் வகுப்பில் கைபேசியை அணைப்பதில்லை. அது ஒலித்தது. சுகந்தி இந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள்.

“என்னங்க, பயப்படாதீங்க. நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ரஹ்மத்தும் நானும் ஆட்டோல போயிட்டிருக்கோம்.”

“எப்பலேருந்து?”

“பத்து நிமிஷமா. தெரிஞ்ச உடனே கூப்பிட்டேன்.”

மாணவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். வகுப்பறைக் கதவு பின்னால் மூடியது. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன்.

“சரி. பார்த்துட்டு டாக்டர் என்ன சொல்றார்னு கூப்பிடு” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

“வைக்காதீங்க” என்றாள். “உள்ள கூப்பிடற வரைக்கும் லைன்லயே இருங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

அது இதயம் இல்லை, வயிற்றுக் கோளாறு என்று பிற்பகலில் தெரிந்தது. இரண்டு பரிசோதனை செய்து, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அது எனக்குத் தெரியாது. ஆட்டோ சத்தம் கேட்டது. ஹாரன்கள். ரஹ்மத், “அண்ணாத்தே, பள்ளத்துல உடாம ஓட்டு, நெஞ்சுவலிக்காரங்க கீறாங்க” என்று அதட்டினாள். பிறகு ஒரு கண்ணாடிக் கதவு, ஏசியின் இரைச்சல், யாரோ ஒரு குழந்தை இருமியது. அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் எண்ணத் தொடங்கி, எண்ணக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

என் மாணவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு பாட்டில் தண்ணீரை என் காலடியில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

“கூப்பிடறாங்க” என்றாள் சுகந்தி.

“போயிட்டு வா. போனை ரஹ்மத் கையில குடு. நான் இருக்கேன்.”